விண்டோஸில் மட்டும் தமிழ்க் கோப்புப் பெயர் '????' ஆவது ஏன்?

கேள்வி:
ஃபோல்டரில் உள்ள கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் பழைய சி நிரல் இது. 'கொடி' என்ற பெயர் லினக்ஸில் சரியாக வருகிறது. விண்டோஸ் 10-இல் '????' என்று வருகிறது. அந்தப் பெயரைக் கொடுத்துத் திறக்கப் போனால் கோப்பே இல்லை என்கிறது. எக்ஸ்ப்ளோரரில் பெயர் ஒழுங்காகத் தெரிகிறது. ஃபான்ட் பிரச்சினையா?

பதில் 1:
ஃபான்ட் இல்லை. ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டம்தான் வரும். கேள்விக்குறி வந்தால் எழுத்தே தொலைந்துவிட்டது, மீட்க முடியாது.

1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 (விண்டோஸ் 10-இன் முன்னோடி) உள்ளுக்குள் 16 பிட் யூனிகோடு. ஆனால் அன்றைய நிரல்களெல்லாம் 8 பிட் கோட் பேஜை (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை) நம்பியிருந்தன. அதனால் எழுத்துச் சரங்களைக் கையாளும் ஏபிஐ-களுக்கு (நிரல்கள் அழைக்கும் விண்டோஸ் செயற்கூறுகள்) இரண்டு வடிவம் வைத்தார்கள்: 'ஏ' என முடிவது கோட் பேஜுக்கு, 'டபிள்யூ' என முடிவது யூனிகோடுக்கு. உங்கள் நிரல் 'ஏ' வழியாகப் போகிறது. ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்துக்கு 1253 என்று கோட் பேஜ் உண்டு. 'ஏ' வடிவங்களுக்கு இயல்பாக வைக்கக்கூடிய அப்படி ஒன்று தமிழுக்கென்று விண்டோஸில் கிடையாது. எனவே மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252-க்கு மாற்றும்போது ஒவ்வொரு குறியீடும் '?' ஆகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டு எழுத்து, குறியீடு நான்கு: க, ொ, ட, ி. விண்டோஸ் கோப்புப் பெயரில் '?' வரக்கூடாது என்பதால் திறக்கவும் மறுக்கிறது.

பதில் 2:
லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பெயரைப் படிப்பதே இல்லை. 0, 47 (அதாவது '/') என்ற இரண்டு பைட்டை மட்டும்தான் பார்க்கும். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் பிளான் 9 இயங்குதளத்துக்காக, யூனிகோடை பைட்களாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தபோது, ஆஸ்கியில் (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) இல்லாத எழுத்தின் எல்லா பைட்டும் 128-க்குக் குறையாதபடி செய்தார்கள். 'க' என்பது 224, 174, 149. நடுவில் தப்பித்தவறி ஒரு 47 வராது. கெர்னலைத் தொடாமலேயே யூனிக்ஸ் குடும்பத்துக்குத் தமிழ் வந்தது இந்த ஒரு முடிவால்தான்; அருமையான வேலை.

ஒரு விலை உண்டு. லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் பெயரின் எல்லை 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறியீடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-இல் 255 குறியீடு வரை போகலாம். நீண்ட தலைப்புள்ள கோப்பை அங்கிருந்து நகலெடுக்கும்போது 'பெயர் நீளம்' என்று பிழை வருவது இதனால்தான்.

பதில் 3:
தீர்வுக்கு வருவோம். சோர்ஸ் கையில் இருந்தால் 'டபிள்யூ' வடிவங்களுக்கு மாற்றுங்கள். அவ்வளவு வேலை வேண்டாமென்றால், விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நிரலின் மேனிஃபெஸ்டில் (நிரலோடு சேரும் அமைப்புக் குறிப்பு) ஆக்டிவ் கோட் பேஜ் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். 'ஏ' வடிவங்களே யூடிஎஃப்-8 பேசும். பெயர் வைக்கும் பஃபரைப் பெரிதாக்க மறக்காதீர்கள், ஒரு குறியீட்டுக்கு 3 பைட்.

ரீஜியன் அமைப்பில் உள்ள, யூடிஎஃப்-8-க்கான பீட்டா டிக்கைப் போட்டால் கணினி முழுவதுமே மாறிவிடும். டிஸ்கி, டேப் (யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் தமிழ்க் குறியாக்கங்கள்) கோப்புகளைத் திறக்கும் பழைய மென்பொருள் இருந்தால் அதைத் தொடாதீர்கள்: அவற்றின் 128-க்கு மேற்பட்ட பைட்கள் யூடிஎஃப்-8 ஆகச் செல்லாது.

பதில் 4:
மேக்கிலும் ஓடுமென்றால் இன்னொன்று. மேக்கின் பழைய கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், 'ொ'-வை 'ெ', 'ா' என்று பிரித்துச் சேமிக்கும். அங்கிருந்து வந்த 'கொடி' 12 பைட் அல்ல, 15. பார்வைக்கு ஒன்றுதான், பைட்டாக ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி-க்கு (பிரிந்ததைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிக்கொள்ளுங்கள்.