புதுப்பிப்பு: பழைய ஃபோர் வீல் டிரைவின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சரியானது

வண்டி சூடானதும் மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொள்கிறது, கியர்பாக்ஸைப் பிரிப்பதா, வண்டியையே விற்பதா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்டியை விற்கவில்லை, இப்போது நன்றாக ஓடுகிறது.

"எதையும் இறக்குவதற்கு முன் ஆயில் பேனைக் கழற்றிப் பாருங்கள்" என்றவரின் பதில்தான் கைகொடுத்தது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டுதான் இந்தப் பேன். அதற்குள் இருக்கும் காந்தத்தில் மை மாதிரி நைசான சாம்பல் நிறப் படிவு மட்டும்தான். உலோகச் சில்லு இல்லை, ஆயிலில் தீய்ந்த வாடையும் இல்லை. கிளட்ச் தட்டுகள் பிழைத்திருக்கும் என்று தெம்பு வந்தது. அப்புறம் கியர் மாறுவதற்காக ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகளான சோலினாய்டுகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளந்தோம். ஆறியிருந்தபோது எல்லாமே சரி. ஹேர் டிரையரால் சூடாக்கியதும் ஒன்றில் மட்டும் இணைப்பு அறுந்தது. அதை மாற்றி, புது ஃபில்டர் போட்டு, மேனுவலில் சொன்ன அதே ரக ஆயிலை ஊற்றினோம்.

எதிர்பாராதது ஒன்று: கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் வண்டி இது, அதன் மூட்டு துருவேறிக் கிடந்தது. உள்ளே ஓட்டை விழுந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்து கியர்பாக்ஸையே கெடுத்துவிடும். அதனால் ரேடியேட்டரையும் மாற்றிவிட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

முதலில் கியர் கொஞ்சம் வெட்டி வெட்டி விழுந்தது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பழைய அளவுகளை ஸ்கேனரால் அழித்து ஓட்டியதும் அதுவும் போய்விட்டது.