நத்தை கண்ணாடியில் கோடு போடுகிறது, சிமெண்டில் புள்ளி வைக்கிறது: ஏன்?

செம்பருத்தி:
ஜன்னல் கண்ணாடியில் நத்தை ஏறின தடம் அறுபடாத ஒரே கோடாகப் பளபளக்கிறது. அதே அளவு நத்தை காய்ந்த சிமெண்ட் தரையைக் கடந்த தடமோ, விட்டு விட்டுத் திட்டுத் திட்டாக இருக்கிறது. சிமெண்ட் கோழையை உறிஞ்சிவிடுகிறதா, இல்லை நத்தையே வேறு மாதிரி நடக்கிறதா? செடிகளைச் சுற்றி முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் தாண்டாது என்கிறார்களே, அது உண்மையா என்றும் சொல்லுங்கள்.

விசைவிதி:
நடையே வேறு. முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். நத்தை ஏறும்போது மறுபக்கம் நின்று அதன் பாதத்தைக் கவனியுங்கள், இருண்ட பட்டைகள் வாலிலிருந்து தலையை நோக்கி வரிசையாக ஓடும். அவை தசை அலைகள். நீளமான பாயின் ஒரு ஓரத்தில் மடிப்பு உண்டாக்கி அதை மறு ஓரம் வரை தள்ளினால் முழுப் பாயும் கொஞ்சம் நகர்ந்திருக்கும் இல்லையா, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. அலை ஓடும் இடம் மட்டும் முன்னால் நகரும், இரண்டு அலைகளுக்கு நடுவில் உள்ள பகுதி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே கோழை எப்படி இரண்டு வேலையும் செய்கிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். விசை குறைவாக இருக்கும் வரை கெட்டியாகப் பசை போலப் பிடித்துக்கொள்ளும், ஒரு அளவைத் தாண்டித் தேய்த்தால் இளகி ஓடும், தேய்ப்பு நின்றதும் மறுபடி இறுகிவிடும். மார்க் டென்னி என்பவர் 1980-ல் ஓடில்லா நத்தையை வைத்து இதை அளந்து காட்டினார். கோழை சுரக்க ஆகும் சக்தியையும் கணக்கிட்டார்: அதே எடையுள்ள பிராணி காலால் ஓடுவதற்கு ஆகும் செலவைப் போல இந்த ஊர்தலுக்குச் சுமார் 12 மடங்கு. அவ்வளவு செலவு செய்துதான் அது செங்குத்துச் சுவரிலும் தலைகீழாகவும் போகிறது.

மழைத்துளி:
சிமெண்டுக்கு வருகிறேன். காய்ந்த, நுண்துளை உள்ள தரையில் சில வகை நத்தைகள் நடையை மாற்றிக்கொள்ளும், சாதாரணத் தோட்ட நத்தையும் அதில் உண்டு. தலைப்பக்கத்தைத் தூக்கி முன்னால் நீட்டி ஊன்றும், நடுவில் பாதம் ஒரு சிறு வளைவாகத் தரையைத் தொடாமல் நிற்கும், பின்உடல் அந்த வளைவு வழியாகவே முன்னால் போகும். அதனால் தரையில் தொட்ட இடங்களில் மட்டும் கோழை படுகிறது, உங்கள் திட்டுகள் அவைதான். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தரையில் தொடும் பரப்பைக் குறைத்தால் கோழை மிச்சம், இந்த நடைக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தால் பாதத்துக்கு அடியில் வெளிச்சம் தெரியும், அவசியம் பாருங்கள்.

காய்ந்த மணலும் சாம்பலும்தான் அதற்கு நிஜமாகவே தொல்லை. துகள்கள் தரையில் நிற்காமல் கோழையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பிடிக்க நிலையான தளமே இருக்காது. ஒரு மழை பெய்து அதெல்லாம் நனைந்துவிட்டால் சரி, தடை போச்சு.

விசைவிதி:
முட்டை ஓட்டை நம்ப வேண்டாம். சவர பிளேடின் விளிம்பு மேலேயே வெட்டுப்படாமல் ஏறிப் போகிற பிராணி அது, மெத்தென்ற பாதம் விளிம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், நடுவில் கோழை இருக்கும். பிரிட்டனின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி 2018-ல் வெளியிட்ட சோதனை முடிவிலும் முட்டை ஓடு, செப்புப் பட்டை, பரல் எதுவும் கீரைச் செடிகளின் சேதத்தைக் குறைக்கவில்லை என்றுதான் வந்தது.

செம்பருத்தி:
அருமை, இருவருக்கும் நன்றி. அப்படியானால் கையால் எடுத்து விடுவதுதான் வழி. கண்ணாடியில் இருப்பதை எடுத்தால் வரவே மாட்டேன் என்கிறதே?

மழைத்துளி:
ஓட்டைப் பிடித்து நேராக இழுக்காதீர்கள், உள்ளே உடலை ஓட்டோடு சேர்க்கும் சதை கிழியலாம். பாதத்தைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, தலைப்பக்கமாக மெதுவாகச் சறுக்கினாற்போல நகர்த்துங்கள், பிடி தளர்ந்து வந்துவிடும். அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சில நத்தைகளில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும்.