2012 குடியரசுக் கட்சி முதன்மைத் தேர்தல்: கிங்ரிச் ஒதுங்கியிருந்தால் சாண்டோரம் வென்றிருப்பாரா?

நெடுவழி:

அமெரிக்காவில் 2012இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடந்த குடியரசுக் கட்சியின் முதன்மைத் தேர்தலைப் பற்றிச் சில வாரங்களாக வாசித்து வருகிறேன். அன்று பழமைவாதிகள் பலர் சொல்லிய ஒரு மனக்குறை என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. மிட் ராம்னியைக் கட்சித் தொண்டர்களில் பெரும்பான்மையினர் விரும்பவில்லை என்றும், ரிக் சாண்டோரமும் நியூட் கிங்ரிச்சும் ஒரே வாக்குகளைப் பங்குபோட்டுக்கொண்டதால்தான் அவர் முந்தினார் என்றும் அவர்கள் வாதிட்டார்கள்.

நடந்ததைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஜனவரி 3 அன்று அயோவாவில் ராம்னி 8 வாக்குகளில் முன்னிலை பெற்றதாக முதலில் அறிவித்தார்கள். இரண்டு வாரங்களுக்குப் பிறகு வந்த சான்றளிக்கப்பட்ட எண்ணிக்கையில் சாண்டோரமே 34 வாக்குகள் முன்னால் இருந்தார். நியூ ஹாம்ப்ஷயர் ராம்னிக்குப் போனது. ஜனவரி 21 அன்று தென் கரோலினாவில் கிங்ரிச் 40 சதவீதம் வாங்கினார், ராம்னிக்கு 28, சாண்டோரத்துக்கு 17. புளோரிடாவை ராம்னி பிடித்தார். பிப்ரவரி 7 அன்று கொலராடோ, மினசோட்டா, மிசூரி ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் சாண்டோரம் வென்றார். மார்ச் 13 அன்று அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அவரே முதலில் வந்தார். அந்த இரண்டு மாநிலங்களிலும் சாண்டோரம், கிங்ரிச் இருவரின் வாக்குகளைக் கூட்டினால் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது, ராம்னியோ மூன்றாம் இடத்தில் நிற்கிறார்.

புளோரிடாவில் தோற்றவுடனோ, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த மார்ச் 6 சூப்பர் செவ்வாய்க்கு முன்போ கிங்ரிச் விலகியிருந்தால் வேட்பாளர் சாண்டோரமாக இருந்திருப்பாரா என்பது என் கேள்வி. விலகியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு கருத்தியலை நம்புகிறவர் அந்தக் கருத்தியல் வெல்வதற்காகத் தன் ஆசையை ஒதுக்கி வைக்க வேண்டாமா? இந்த எண்ணம் தவறானால் எங்கே தவறு என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வாக்குக்கணக்கு:

உங்கள் கூட்டலில்தான் சிக்கல் இருக்கிறது. கிங்ரிச்சின் வாக்குகள் முழுவதும் சாண்டோரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால்தான் உங்கள் முடிவு வரும். அந்த மார்ச் மாதத்தில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கிங்ரிச் ஆதரவாளர்களிடம் அவர்களுடைய இரண்டாவது தேர்வு யார் என்று கேட்டபோது, ராம்னி என்றவர்களும் சாண்டோரம் என்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள்.

இதை இரண்டு மாநிலங்களில் பொருத்திப் பாருங்கள். பிப்ரவரி 28 அன்று மிச்சிகனில் ராம்னிக்கும் சாண்டோரத்துக்கும் இடையில் ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளிகள் இடைவெளி. கிங்ரிச்சுக்குக் கிடைத்தது 6.5 சதவீதம் மட்டுமே. மீதிப் பேர் ராம்னியிடம் போவார்கள் என்று வைத்தால், அந்த இடைவெளியை அடைக்க கிங்ரிச்சின் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் சாண்டோரத்திடம் வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு எந்த ஆதாரமும் தென்படவில்லை. ஒஹாயோவின் கதை வேறு. அங்கே இடைவெளி வெறும் 1 புள்ளி, கிங்ரிச்சிடம் 14.6 சதவீதம் இருந்தது. அவருடைய வாக்காளர்கள் நூறு பேரில் 54 பேர் சாண்டோரத்தின் பக்கம் சாய்ந்திருந்தாலே போதும். ஆகவே ஒஹாயோவில் சாண்டோரம் வென்றிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒஹாயோவில் வென்றாலும், கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்வு செய்யும் பேராளர்கள் அவருக்கு எத்தனை பேர் கூடியிருப்பார்கள்? வேட்பாளராவதற்கு மொத்தம் 2,286 பேராளர்களில் 1,144 பேர் தேவைப்பட்டார்கள். ஏப்ரல் 1க்கு முன் தேர்தல் நடத்தும் மாநிலங்கள் பேராளர்களை வாக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் கட்சி விதி. ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் கிடைக்கும் வெற்றிக்கு அதனால் பெரிய அறுவடை இல்லை. புளோரிடா கட்சி அனுமதித்த நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தித் தன் 99 பேராளர்களில் பாதியை இழந்தது. மிஞ்சிய 50 பேரையும் ராம்னியிடமே மொத்தமாகக் கொடுத்தது. தென் கரோலினாவில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற கிங்ரிச்சுக்குக் கிடைத்தவர்கள் 23 பேர் மட்டுமே, ஏனெனில் அந்த மாநிலத்துக்கும் அதே தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. புளோரிடா ஒன்றே அதைப்போல் இரண்டு மடங்கைத் தட்டில் வைத்து ராம்னிக்கு நீட்டியது.

தேர்தல் நாட்காட்டியையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் 3 அன்று விஸ்கான்சினும் மேரிலாந்தும் ராம்னிக்குப் போயின. அடுத்து ஏப்ரல் 24 அன்று நியூயார்க், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், டெலவேர், பென்சில்வேனியா ஆகியவை வரிசையில் நின்றன. பென்சில்வேனியா சாண்டோரத்தின் சொந்த மாநிலம்தான். ஆனால் 2006இல் தன் செனட் இடத்தை மிகப் பெரிய வித்தியாசத்தில் அவர் இழந்ததும் அங்கேதான். அந்தத் தேர்தல் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 10 அன்றே அவர் பிரசாரத்தை நிறுத்திவிட்டார்.

தேர்தல் வாசகி:

மார்ச் 6 அன்று ஒஹாயோவில் கிங்ரிச்சுக்கு வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி. என்னுடைய வாக்கை நீங்கள் இருவரும் அங்கும் இங்கும் நகர்த்திக் கணக்குப் போடுவதைப் படித்தபோது பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்று கிங்ரிச் களத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நான் ராம்னிக்குத்தான் வாக்களித்திருப்பேன். என் வாக்கைச் சாண்டோரத்தின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

என் காரணத்தைச் சொல்கிறேன். 1994இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் அவையைக் குடியரசுக் கட்சிக்கு வென்று தந்தவர் கிங்ரிச். 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் அவர் அவைத்தலைவராக இருந்தபோது நிறைவேறியது. 1998இல் பட்ஜெட்டில் உபரி வந்ததும் அவர் காலத்தில்தான். அரசாங்கத்தின் அளவைக் குறைப்பதே பழமைவாதத்தின் முதல் கடமை என்று நம்புகிற எனக்கு, அதைச் செய்து காட்டிய ஒருவர் வேண்டும் என்று தோன்றியது. சாண்டோரமோ 2001இல் பள்ளிக் கல்வியில் மத்திய அரசின் கையை நீட்டிய சட்டத்துக்கும், 2003இல் மூத்தோர் மருந்துச் செலவை அரசு ஏற்கும் திட்டத்துக்கும் ஆதரவாக வாக்களித்தவர். பிப்ரவரி 22 அன்று அரிசோனாவில் நடந்த விவாதத்தில் அந்தக் கல்விச் சட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, அது தன் கொள்கைக்கு மாறானதுதான், ஆனால் சில நேரங்களில் அணிக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அரங்கில் எழுந்த எதிர்ப்புக் குரல்களைக் கேட்டபோது என் மனமும் அவற்றோடுதான் இருந்தது. 2004இல் பென்சில்வேனியாவில் பாட் டூமி என்ற உறுதியான பழமைவாதிக்கு எதிராக மிதவாத செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரை அவர் ஆதரித்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஸ்பெக்டர் 2009இல் ஜனநாயகக் கட்சிக்குத் தாவி, ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வாக்களித்தார்.

உற்பத்தித் தொழில்களுக்கு மட்டும் நிறுவன வரியைப் பூஜ்யமாக்குவேன் என்ற சாண்டோரத்தின் வாக்குறுதி, தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் மாநிலத்தில் நன்றாக எடுபட்டது. ஆனால் எந்தத் தொழில் வாழ வேண்டும் என்பதை அரசாங்கம் வரிச் சட்டத்தின் வழியாகத் தீர்மானிப்பதைத்தானே நாம் காலங்காலமாக எதிர்க்கிறோம்? எல்லா வருமான வரி விகிதங்களையும் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக ராம்னி சொன்னது எனக்கு அதைவிட ஒழுங்காகப் பட்டது.

கிங்ரிச்சிடம் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1997 ஜனவரியில் நெறிமீறலுக்காக அவையே அவரைக் கண்டித்து 3,00,000 டாலர் செலுத்தச் செய்தது. 2011 மே மாதம் எங்கள் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர் பால் ரையனின் மருத்துவத் திட்டத்தை வலதுசாரிச் சமூகப் பொறியியல் என்று அவர் தாக்கியது எனக்கு வருத்தம் தந்தது. ராம்னி நடத்திய முதலீட்டு நிறுவனத்தை ஓர் இடதுசாரி பேசுவதுபோல் அவர் சாடியது அதைவிடப் பெரிய வருத்தம். அத்தனையையும் எடைபோட்ட பிறகுதான் அவர் பெயரைக் குறித்தேன்.

நெடுவழி:

மிக்க நன்றி அம்மா. வாக்குகளை எண்களாக மட்டுமே பார்த்துவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. இருந்தாலும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. ஜனவரி 14 அன்று எவாஞ்சலிக்கல் எனப்படும் பழமைவாத புராட்டஸ்டண்ட் கிறித்தவர்களின் தலைவர்கள் டெக்சாசில் கூடி, பல சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு சாண்டோரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே வாரத்தில் தென் கரோலினா வாக்காளர்கள், அவர்களில் மிகப் பலர் எவாஞ்சலிக்கல் கிறித்தவர்களாக இருந்தும், கிங்ரிச்சின் பக்கம் போனார்கள். மூன்று திருமணங்கள் செய்தவரை அவர்கள் எப்படி ஏற்றார்கள்?

மலையோரம்:

நான் சாண்டோரத்தின் பக்கம் நின்றவன் என்பதால் அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். தென் கரோலினாவை கிங்ரிச்சுக்குப் பெற்றுத் தந்தவை இரண்டு விவாத இரவுகள். ஜனவரி 19 அன்று சார்ல்ஸ்டனில் நெறியாளர் முதல் கேள்வியாகவே அவருடைய முன்னாள் மனைவியின் பேட்டியைப் பற்றிக் கேட்டார். கிங்ரிச் சினத்தோடு ஊடகங்கள் மீது திரும்பினார், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஒபாமாவை மேடையில் எதிர்கொள்ளக்கூடிய ஒருவரை மக்கள் தேடிக்கொண்டிருந்தார்கள், அன்று அவரில் அதைக் கண்டார்கள். எங்களுக்கு அது மிகவும் வேதனையான இரவு.

தேர்தல் வாசகியின் நேர்மையை மதிக்கிறேன். ஆயினும் அரசின் அளவை மட்டும் வைத்துப் பழமைவாதத்தை அளப்பதை என்னால் ஏற்க முடியாது. கருவிலுள்ள உயிரைக் காப்பதும் குடும்பத்தைக் காப்பதும் எங்களுக்கு வரிக்கு முந்தியவை. ராம்னி 1994இல் செனட்டுக்கும் 2002இல் ஆளுநர் பதவிக்கும் போட்டியிட்டபோது கருக்கலைப்பு உரிமையைக் காப்பதாக மாசசூசெட்ஸ் வாக்காளர்களிடம் சொன்னவர். பின்னர் அவர் மாறியதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செனட்டில் இருந்த காலம் முழுவதும் இதில் உறுதியாக நின்ற சாண்டோரம் பக்கத்திலேயே நின்றாரே. அளவைப் பற்றிப் பேசினாலும், எல்லாரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2006இல் மாசசூசெட்ஸ் ஆளுநராகச் சட்டமாக்கியவர் ராம்னி. அந்த யோசனையை ஒரு காலத்தில் ஆதரித்தவர் கிங்ரிச். புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த விவாதத்தில் சாண்டோரம் இருவரையும் பார்த்து, ஒபாமாவின் சட்டத்திலும் இருந்த இந்த விஷயத்தில் உங்களால் ஒபாமாவை எதிர்த்து வாதாட முடியாது என்று எடுத்துக்காட்டியதை அந்தத் தேர்தலின் மிக முக்கியமான நிமிடங்களாக நான் இன்றும் கருதுகிறேன்.

அதே சாண்டோரம் 2008 முதன்மைத் தேர்தலில் ஜான் மெக்கெய்னுக்கு எதிராக ராம்னியை ஆதரித்தார் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டு பழமைவாதிகளின் மாற்று வேட்பாளர் ராம்னிதான். நான்கே ஆண்டுகளில் அவரே மிதவாதி ஆகிவிட்டார் என்றால், அதில் எங்கள் பார்வை மாறியதும் ஒரு பங்கு.

கிங்ரிச் விலகாததற்கு அவருடைய ஆசையைக் குறை சொல்கிறீர்கள். நான் பணத்தைச் சொல்வேன். நியூ ஹாம்ப்ஷயரில் அவரும் சாண்டோரமும் 10 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. முன்பெல்லாம் அந்த நிலையில் வேட்பாளரின் கை வறண்டு தானாகவே வீடு திரும்பிவிடுவார். தேர்தல் செலவுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 2010இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த, வரம்பில்லாமல் நன்கொடை திரட்டக்கூடிய சூப்பர் பேக் அமைப்புகளோ ஒரே குடும்பத்தின் பணத்தில் ஒரு பிரசாரத்தை உயிரோடு வைத்திருக்க வழி செய்தன. அந்த ஜனவரியில் மட்டும் சூதாட்ட விடுதி அதிபர்களான அடெல்சன் தம்பதியர் கிங்ரிச்சை ஆதரித்த அமைப்புக்கு 1 கோடி டாலர் கொடுத்தார்கள். சாண்டோரத்துக்கும் ஃபாஸ்டர் ஃப்ரீஸ் என்ற கொடையாளர் இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேட்பாளர்கள் ஒப்பந்தம் போட்டாலும் வாக்காளர்கள் கேட்பதில்லை என்பதை 2016 காட்டியது. டொனால்ட் டிரம்பைத் தடுக்க இந்தியானாவைச் சக வேட்பாளர் டெட் குரூஸுக்கு விட்டுக்கொடுப்பதாக இன்னொரு வேட்பாளர் ஜான் கேசிக் ஏப்ரல் இறுதியில் ஒப்புக்கொண்டார். மே 3 அன்று டிரம்ப் அங்கே 53 சதவீதம் வாங்கினார்.

வாக்குக்கணக்கு:

மலையோரம் சொல்லும் பணத்தோடு அமைப்பு வேலையையும் சேர்க்க வேண்டும். என் முதல் பதிலில் அதை விட்டுவிட்டேன். ஒஹாயோவின் சில காங்கிரஸ் தொகுதிகளில் சாண்டோரத்தின் தரப்பு பேராளர் பட்டியலை முழுமையாகத் தாக்கல் செய்யவே இல்லை. வாக்கு கிடைத்தாலும் அங்கே உட்கார ஆள் இல்லை.

வர்ஜீனியா இன்னும் மோசம். அங்கே அப்போது வாக்குச்சீட்டில் பெயர் வர 10,000 கையெழுத்துகள் வேண்டியிருந்தன, அவற்றில் 11 காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400 இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தடையைத் தாண்டியவர்கள் ராம்னியும் இன்னொரு வேட்பாளரான ரான் பாலும் மட்டுமே. கிங்ரிச் வர்ஜீனியாவிலேயே குடியிருந்தவர். அவர் கொடுத்தவற்றில் செல்லுபடியான கையெழுத்துகள் போதவில்லை. சாண்டோரத்தின் தரப்பு தேவையான எண்ணிக்கையைத் திரட்டவே இல்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள், காலம் கடந்து வந்தீர்கள் என்று ஜனவரியில் நீதிபதி மறுத்துவிட்டார். மார்ச் 6 அன்று ராம்னி அங்கே 43 பேராளர்களைப் பெற்றார், ரான் பாலுக்கு 3 பேர். கிங்ரிச் அதற்கு முந்தைய நாளே விலகியிருந்தாலும், சாண்டோரத்துக்கு வாக்களிக்க விரும்பிய வர்ஜீனியர் ஒருவருக்கு அவர் பெயர் சீட்டில் இருந்திருக்காது. முதன்மைத் தேர்தலில் பெயரை எழுதிச் சேர்க்கவும் அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.