காய்ச்சலே இல்லாத ஆளுக்கு ஆன்டிபயாடிக் எதுக்கு?

மார்த்தாண்டம்காரன்:
எனக்க மாமாவுக்குப் பெருங்குடல்ல கட்டி. அடுத்த வாரம் நாகர்கோவில்ல ஆபரேஷன். காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல. ஆனாலும் முன்னாடியே ஆன்டிபயாடிக் ஊசி போடணும்னு சொல்லுகாவ. வராத நோய்க்கு மருந்தா? இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான கிருமி மருந்துக்கு அடங்காம ஆச்சு. வேண்டாம்னு எழுதிக் கொடுக்கப் போறேன்.

தக்கலை சிஸ்டர்:
அண்ணே, அப்படிச் செஞ்சிராதீங்க. தியேட்டர்ல வருஷக்கணக்கா நிக்கேன், அதனால சொல்லுகேன். பெருங்குடலுக்குள்ள கோடானுகோடி கிருமி குடியிருக்கு. அங்க இருக்கும்வரை தொந்தரவு இல்ல, வெட்டின சதையில பட்டா சீழ்தான். 2014-ல மருத்துவ ஆய்வுகளை அலசுக காக்ரேன் அமைப்பு குடல் ஆபரேஷன் பத்தின 260 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்துது, 43,000 பேருக்கு மேல. ஆன்டிபயாடிக் கொடுக்காதவங்கள்ல 100-க்கு 39 பேருக்குக் காயத்துல கிருமி பிடிச்சிருக்கு. கொடுத்தவங்கள்ல 13.

குளச்சல் மகன்:
சிஸ்டர், அதுல பலதும் பழைய ஆய்வு. இப்ப தியேட்டர் எவ்வளவோ சுத்தம். எனக்க அம்மைக்குக் குடல் ஆபரேஷன் முடிஞ்சு எட்டு நாள் ஊசி போட்டாவ. பெறவு நிக்காத வயித்துப்போக்கு. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்னு ஒரு குடல் கிருமி டெஸ்ட்ல வந்துது. நல்ல கிருமியெல்லாம் செத்ததுல அது பெருகிட்டு. அம்மை எலும்பும் தோலுமா வீட்டுக்கு வந்தா. இதுக்குப் பேரு தடுப்பா?

தக்கலை சிஸ்டர்:
இல்ல தம்பி. அம்மைக்கு நடந்தது தடுப்பே இல்ல. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா தியேட்டரை எவ்வளவு கழுவினாலும் குடலுக்குள்ள உள்ளதைக் கழுவ முடியாதே. வெட்டுகதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி ஏறணும், கத்தி படும்போது சதையில மருந்து இருக்கணும். செஃபசோலின்னு உள்ள ஆன்டிபயாடிக்னா நாலு மணி நேரம் தாண்டினா இன்னொரு டோஸ். ஆபரேஷன் முடிஞ்சா அதோட நிறுத்தணும். முடிஞ்ச பெறவும் தடுப்புக்குன்னு தொடரக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2016-லயே சொல்லிட்டு. உள்ளுக்குள்ள ஏற்கனவே சீழ் இருந்தா அது சிகிச்சை, கணக்கு வேற.

குளச்சல் மகன்:
எழுத்துல இருக்கு, சரி. வார்டுல யாரு நிறுத்துகாவ? "எதுக்கும் இருக்கட்டும்"னு அஞ்சு நாளைக்கு எழுதுகாவளே. முன்னாடி ஒரு டோஸை நான் இப்ப எதிர்க்கல்ல. அதைச் சாக்கா வச்சு நீட்டிக்கிட்டே போறதைத்தான் எதிர்க்கேன்.

தக்கலை சிஸ்டர்:
அதுல நானும் உங்க பக்கம்தான். சீட்டுல அஞ்சு நாள்னு கண்டா, எதுக்குன்னு வாய்விட்டுக் கேளுங்க. கேட்டா ஒரு டாக்டரும் கோவிக்கக் கூடாது.

மார்த்தாண்டம்காரன்:
எழுதிக் கொடுக்கல்ல, சிஸ்டர். ஆனா ஒண்ணு. மாமாவுக்கு முன்னாடி ஒருக்கா பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிச்சு. இதை அங்க யாருகிட்டயும் சொல்லல்ல.

தக்கலை சிஸ்டர்:
ஐயோ அண்ணே, அதை இன்னைக்கே சர்ஜன்கிட்டயும் மயக்க டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. மருந்தை மாத்த வேண்டி வரலாம். கேஸ் ஷீட்டுக்க முன்பக்கத்துல சிவப்பு மையில எழுதச் சொல்லி, எழுதினதைப் பாத்துட்டு வாங்க.