“அட்டை இருக்கிறதா?” ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கொய்யாத்தோப்பு:

2018 கார்த்திகை. அப்பா மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வயது எழுபத்து நான்கு. 108 வண்டி சீக்கிரமே வந்தது, அரசு ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள், அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முறிந்த எலும்பு இழுபட்டு நேராக நிற்க, காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டார்கள். எலும்பு வார்டில் துணைக்கு இருந்தவர்களுக்கு அந்தச் செங்கல்லைத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில், டாக்டர் வருவதற்கு முன்பே, பட்டியலும் கையுமாக ஒரு இளைஞர் வந்தார். “முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா?” இல்லை என்றேன். “எடுத்துவிட்டு வந்துவிடுங்கள், தேதி பார்க்கலாம்.” அரசு ஆஸ்பத்திரியில் அட்டை எதற்கு என்று கேட்டேன். “பிளேட், ஸ்குரூ எல்லாம் திட்டத்துப் பணத்தில்தான் வாங்குகிறோம் அண்ணே” என்றார். பாவம், நல்ல பிள்ளை. அடுத்த கட்டிலிலும் அதையேதான் கேட்டார்.

ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும் (இப்போது அந்த வரம்பு 1,20,000). அவர் முகாமுக்குப் போயிருந்தார். பிறகு சனி, ஞாயிறு. பிறகு கலெக்டர் அலுவலகத்தில் அட்டை கொடுக்கும் இடத்தில் கணினி வேலை செய்யவில்லை. அட்டை கைக்கு வந்த பிறகு காப்பீட்டுக் கம்பெனியின் முன் அனுமதி வர இரண்டு நாள். மொத்தம் ஒன்பது நாள். ஆறாம் நாள் அப்பாவின் முதுகுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது.

அந்தச் செங்கல்லில் சூளைக்காரரின் இரண்டு எழுத்துகள் பதிந்திருந்தன. இன்றும் எங்காவது வீடு கட்டக் கல் இறக்கியிருந்தால் என்ன எழுத்து என்று குனிந்து பார்க்கிறேன்.

ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு தொகை இருந்தது. யார் யாருக்குக் கொடுத்த பணம் என்று அப்பா கேட்டார். அரசாங்கம் கம்பெனிக்குக் கட்டுகிறது, கம்பெனி இந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது என்றேன். “ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துடையதுதானே?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இரவுப்பேருந்து:

உங்களுக்கு அரசு, எனக்குத் தனியார். அட்டை ஒன்றுதான். 2019இல் மாமாவுக்கு மாரடைப்பு. பக்கத்திலிருந்த, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். இதயக் குழாய் அடைபடாமல் உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அட்டையைப் பார்த்துவிட்டு மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னார்: “இதில் வருவது சாதாரண ஸ்டென்ட். நல்லதாக வைக்க வேண்டும் என்றால் வித்தியாசம் கட்ட வேண்டும்.” எவ்வளவு என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை. கால்குலேட்டரில் தட்டி அதை என் பக்கம் திருப்பினார். 45,000.

2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கே 29,600 ரூபாய், சாதாரண உலோகத்துக்கு 7,260, வரி தனி. பத்திரிகையில் படித்தது நினைவில் இருந்தது. வித்தியாசம் எப்படி மொத்தத்தை விடக் கூடும்? ஆனால் உள்ளே மாமா படுத்திருக்கும்போது கணக்குப் பேச நாக்கு எழவில்லை. அத்தை தோட்டைக் கழற்றிவிட்டார். ரசீதில் ஸ்டென்ட் என்ற சொல்லே இல்லை, ‘அறை மற்றும் இதர உபகரணங்கள்’ என்றிருந்தது. அந்த மேசைக்காரரின் தலைக்கு நேர் மேலே சுவரில், ‘இங்கு கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கப்படும்’ என்ற பலகை.

நெல்லைத்தகப்பன்:

இரண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். வருத்தம்தான். ஆனால் திட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என் மகள் பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவள். காதுக்குள் பொருத்தும் கருவிக்கு வெளியில் லட்சக்கணக்கில் சொன்னார்கள். நான் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். இதே அட்டையில், தனியார் ஆஸ்பத்திரியில்தான், ஒரு பைசா வாங்காமல் செய்தார்கள். கொய்யாத்தோப்பின் அப்பா கேட்டதை வைத்து, ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துடையதுதானே என்று எல்லாப் பணத்தையும் நேராக அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்திருந்தால் அன்று எங்கள் ஊரில் அந்த ஆபரேஷனைச் செய்ய யார் இருந்தார்கள்? 2009இல் இதற்கு முன்னோடியான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததற்கு முன்னால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கருவியை யார் வைத்தார்கள், சொல்லுங்கள்.

கருவியை இயக்கிவைத்து மூன்றாம் நாள், அடுப்படியில் சொம்பு விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே இன்னொரு முறை தள்ளிவிட்டேன். மறுபடியும் திரும்பினாள். அன்று வீட்டிலிருந்த பாத்திரம் எல்லாம் நெளிந்தது.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்து வெளிக்கருவியின் ஒயர் அறுந்துவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. விற்பனைப் பிரதிநிதி எட்டாயிரம் கேட்டார், முன்பணம் கட்டினால்தான் வரவழைப்பாராம். அந்த ஒயரை வேறு யாரும் விற்பதில்லை. புரட்டுவதற்குப் பதினாறு நாள் ஆனது. பதினாறு நாளும் அவள் பள்ளிக்கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக டீச்சர் சொன்னார். அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

இரவுப்பேருந்து:

@நெல்லைத்தகப்பன் பிள்ளைக்குக் காது கேட்டது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒயர்க் கதையை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

வெள்ளைக்காலணி:

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தொகுப்பூதியச் செவிலியராகச் சேர்ந்தேன். மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் நிரந்தரம் கேட்டு, சென்னையில் மருத்துவத் துறை அலுவலகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் போராட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அதைப் பற்றிப் பேச வரவில்லை.

எங்கள் பிரசவ வார்டில் துப்புரவு வேலையை ஒப்பந்தக் கம்பெனிக்கு விட்டிருந்தார்கள். அவர்களுக்கு நீலச் சேலை. கம்பெனி மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: தரையும் கழிப்பறையும்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நோயாளியைத் தூக்கவோ தள்ளவோ கூப்பிடக் கூடாது. பழைய நிரந்தரப் பணியாளர்கள் ஓய்வு பெற்ற இடங்களில் யாரையும் போடவில்லை. ஆக, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிட்டது.

ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். பிரசவித்த பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் அடுத்த கட்டடத்தில். நானும் அந்தப் பெண்ணின் மாமியாரும் தள்ளுகிறோம். சாய்தளத்தில் ஏறவில்லை, வண்டி பின்னுக்கு வருகிறது. மாமியார் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தள்ளுகிறார், அப்படியும் ஏறவில்லை. அப்போது தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மாப்பை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்து தோளைக் கொடுத்தார். ஏறிவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்காவுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். சொன்ன இடத்தில் ஆள் இல்லையாம். அக்கா என்னிடம் வந்து புகார் சொல்லவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அரை நாள் கூலியை நான் கொடுத்திருக்கலாம். மாதக் கடைசி, கையில் இல்லை, கொடுக்கவில்லை. இதைத்தான் எழுத வந்தேன்.

பழைய மருந்தாளுநர்:

என் அனுபவம் சிறியது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஒரு முதியவர் சீட்டை நீட்டினார். ‘வெளியே வாங்கிக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தது. அந்த மருந்து என் அலமாரியில் இருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எதிரே இருந்த மருந்துக்கடையின் பெயர் அச்சடித்திருந்தது. மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். சீட்டை யாரிடமும் காட்டவில்லை.

இனி நண்பர்களுக்குச் சில விஷயங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மருந்துக் கொள்முதல் எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவன் நான். கழகம் வந்தபின் மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் வைத்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்று அதில் இருக்கும். மற்ற மாநிலத்தார் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆகவே, மருந்து இல்லை என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். இருப்பு இருக்கிறதா என்று மருந்தகத்திலேயே மரியாதையாகக் கேளுங்கள். மாத்திரைப் பட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வெளியே ஓடாதீர்கள், கழகம் நடத்தும் மையம் பல அரசு ஆஸ்பத்திரிகளிலேயே உண்டு. என் காலத்தில் சிடி ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்ஆர்ஐக்கு 2,500. காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவையுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். தனியாரில் பணம் கேட்டால் என்ன தலைப்பில் என்று எழுதி வாங்குங்கள், திட்டத்தின் இலவசத் தொலைபேசிக்கு அங்கே நின்றபடியே பேசுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கும் பேசலாம். வீடு திரும்பும்போது கொடுக்கும் சிகிச்சைச் சுருக்கத்தை நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். கரையான் அரித்து வந்த சீட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் போகும்போது ரப்பர் செருப்பைத் தவிர்ப்பது நல்லது.

கொய்யாத்தோப்பு:

ஐயா, அப்பா அன்று வெறுங்காலோடு போனார்.

நெல்லைத்தகப்பன்:

@பழைய மருந்தாளுநர் இருப்பில் இருந்த மருந்தை வெளியே எழுதியது கம்பெனி டாக்டரா, அரசு டாக்டரா? சம்பளம் வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பியதைத் தனியார்மயத்தின் மேல் எப்படிப் போடுவீர்கள்? அந்தச் சீட்டை ஏன் யாரிடமும் காட்டவில்லை?

பழைய மருந்தாளுநர்:

பதினோரு மாதம் பாக்கி இருந்தது தம்பி, ஓய்வூதியத்துக்கு.

இரவுப்பேருந்து:

@வெள்ளைக்காலணி அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?

வெள்ளைக்காலணி:

இருக்கிறார். இடையில் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், பழைய வருடங்கள் கணக்கில் இல்லை. இப்போது பச்சைச் சேலை.