கிரைண்டர் பட்டறையும் 40 லட்சமும்

கணபதி மோட்டார்: ஜிஎஸ்டி பதிவில்லாத பட்டறைகளின் போட்டிதான் கம்பெனிகளைப் புதிதாக யோசிக்க வைக்கிறது என்று நேற்று ஒருவர் இங்கே முழங்கியிருந்தார். அவர் கோவையில் கிரைண்டர் செய்து விற்றுப் பார்க்கட்டும். புது மூடிப் பூட்டுக்கு அச்சு வெட்டவே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. கடைக்கு வந்த மூன்றாம் வாரம் இங்கே ஆவாரம்பாளையத்துப் பட்டறைகளில் அதே பூட்டு. உள்ளே செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றிய மோட்டார், விலை 800 ரூபாய் குறைவு. 2022 ஜூலையில் கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமான சுமையும் எங்கள் தலையில் மட்டும்தான். அடுத்த அச்சுக்கு யார் பணம் போடுவது?

பட்டறைக்காரன்: அந்த ஒருவர் நான்தான். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவனுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சட்டப்படி இருப்பவன் திருடனா? சப்பாத்தி மாவு பிசையும் கத்தியை வாடிக்கையாளர் கேட்ட மறுநாளே வெட்டிக் கொடுத்தவன் நான். அடுத்த ஆண்டு உங்கள் விலைப்பட்டியலில் அது 'புதிய வசதி'!

கணபதி மோட்டார்: 40 லட்சமா? மாதம் 200 கிரைண்டர், ஒன்று 3,000 என்றாலும் ஆண்டுக்கு 72 லட்சம். பாலக்காட்டுக்கும் ஏற்றுகிறீர்கள், மாநிலம் தாண்டினால் 40 லட்சக் கணக்கே செல்லாது.

பட்டறைக்காரன்: 200 என்று யார் சொன்னது? என் பட்டறை வாசலில் நின்று எண்ணினீர்களா?

தணிக்கை மேசை: உலக வங்கி நிறுவனங்களிடம் நடத்தும் ஆய்வில் பதிவு பெறாதவர்களின் போட்டி பற்றித் தனிக் கேள்வியே உண்டு. புதுமை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில்...

கணபதி மோட்டார்: உலக வங்கி மாவாட்டியதுண்டா? 40 லட்சத்துக்குப் பதில் வரட்டும்.

ஊத்துக்குளியான்: மோட்டார் கிடக்கட்டும் ஐயா. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்தது எங்கள் ஊர்க் கல். அதற்கு இரு தரப்பும் தரும் விலையை இங்கே எழுதட்டுமா?

பட்டறைக்காரன்: எழுதுங்கள். கல் பாக்கியை மூன்று தீபாவளி இழுத்தடித்த கம்பெனி எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கணபதி மோட்டார்: பேச்சை மாற்ற வேண்டாம். பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். 1955-இல் சபாபதி முதன்முதலில் கிரைண்டர் செய்த ஊரில் இன்று மூடியைக்கூடப் பார்த்துச் செய்கிறார்கள்.

பட்டறைக்காரன்: சபாபதியைப் பார்த்துத்தானே அண்ணா நீங்களும் செய்தீர்கள்? அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

கணபதி மோட்டார்: 72 லட்சம். மறுபடியும் சொல்கிறேன், 72 லட்சம். பில் புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பிறகு பேசலாம்.