பாஸ்வேர்டை எடுத்தா வைஃபை வேகம் கூடுமா?

ராயபுரம்_ரவுட்டர்: நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்கார்: "வைஃபையில பாஸ்வேர்ட எடுத்துடுங்க, 54 எம்பிபிஎஸ் காட்டுறது 144 ஆயிடும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 54க்குக் காரணம் பாஸ்வேர்ட் இல்ல, டிகேஐபி (TKIP)ன்ற பழைய பூட்டு முறை. டிகேஐபி, அதுக்கும் பழைய வெப் (WEP) ரெண்டு பூட்டுலயும் 802.11என் (802.11n) வகை வைஃபையோட வேகம் ஓடக் கூடாதுன்றது விதி. அதுக்கு முந்தின ஜி (802.11g) வகையோட 54 வேகத்துக்கு இறங்கிடும். ரவுட்டர் செட்டிங்ல செக்யூரிட்டியில டபிள்யூபிஏ2 (WPA2), அதுக்குக் கீழ பூட்டு முறையா ஏஇஎஸ் (AES) மட்டும் வைங்க. 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்துல ரெண்டு ஆண்டெனாவுக்கு 144 வரும், பூட்டும் இருக்கும். டிகேஐபி மட்டுமே தெரிஞ்ச பழைய கருவி அப்புறம் சேராது, அவ்ளோதான்.

காசிமேடு_வலை: எழுதுனது நான்தான். எடுத்தா 144 வருதா இல்லியா? அத சொல்லு.

ராயபுரம்_ரவுட்டர்: வருது. பாஸ்வேர்டோட டிகேஐபியும் போயிடுறதால வருது.

காசிமேடு_வலை: வருதுல்ல? முடிஞ்சுது.

தண்டையார்பேட்டை_தம்பி: இன்னாபா 144லயே நிக்கிறீங்க? சேனல் அகலத்த 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்குனா 300.

ராயபுரம்_ரவுட்டர்: வண்ணாரப்பேட்டையில சுவரோட சுவர் ஒட்டுன வீடுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மூணுதான். 40 போட்டா கிட்டத்தட்ட ரெண்டு பேர் இடத்த நீ ஒருத்தனே பிடிக்கிற. அக்கம்பக்கத்து ரவுட்டர் பேசி முடிக்கிற வரைக்கும் உன்னோடது காத்துக் கெடக்கும், மோதுனா மறுபடி அனுப்பும். 300ன்னு காட்டும், ஃபைல் இறங்காது. 40, 80 எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ்ல வச்சுக்கோ.

தண்டையார்பேட்டை_தம்பி: போன மாசம் சேனல் 3 வைக்கச் சொன்னவர்தானே நீங்க?

ராயபுரம்_ரவுட்டர்: 3 வச்சா 1, 6 ரெண்டு பக்க இரைச்சலும் விழும்னு சொன்னேன். பாதியப் படிச்சிட்டு வராத.

தண்டையார்பேட்டை_தம்பி: பெரிய வாத்தியாரு.

பெரம்பூர்_சிக்னல்: பாஸ்வேர்ட 8 எழுத்தா சுருக்குனா வேகம் வருமாண்ணே?

ராயபுரம்_ரவுட்டர்: வராது. 8 எழுத்தோ 63 எழுத்தோ, அதுலேந்து பொறக்குற சாவி 256 பிட்தான். நீளமாவே வை.

காசிமேடு_வலை: ஏஇஎஸ் ஒவ்வொரு பாக்கெட்டையும், அதான் டேட்டா துண்டையும், பூட்டித் தொறக்குதே, அதுக்கு நேரம் ஆவாதா?

ராயபுரம்_ரவுட்டர்: அந்த வேலைய வைஃபை சிப்புக்குள்ளயே தனி சர்க்யூட் பாத்துக்குது. பாக்கெட்டுக்கு 16 பைட் கூடும். 1500 பைட்ல அது நூத்துக்கு ஒண்ணு.

காசிமேடு_வலை: நூத்துக்கு ஒண்ணு! அப்ப எடுத்தா கூடுது. நான் சொன்னதுதான்.

ராயபுரம்_ரவுட்டர்: 54லேந்து 144 நூத்துக்கு ஒண்ணா? தொறந்து போட்டா தெருவே உன் லைன்ல ஏறி இழுக்கும். காத்துல போற நேரம் எல்லாருக்கும் பொதுவு. தூரத்துல 1 எம்பிபிஎஸ்ல தொங்குறவன் ஒருத்தன் போதும், உன் 144 படுத்துடும்.

காசிமேடு_வலை: 144 வந்துச்சா இல்லியா?

ராயபுரம்_ரவுட்டர்: மேல எழுதியிருக்கேன், போய்ப் படி.

காசிமேடு_வலை: வந்துச்சுன்னுதான் எழுதியிருக்க.